டெனிசனின் உயரம்

குட்டியானை வண்டியிலிருந்து சவப்பெட்டியை இறக்கித் தெருவில் வைத்தபோதே அருள்மேரிக்குத் தெரிந்துவிட்டது. அது தன் புருஷனுக்குப் பத்தாது.

டெனிசன் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை. முந்தின நாள் கம்பெனியில் ஓவர்டைம் பார்க்கும்போது, அசெம்பிளி லைனில் நின்றபடியே சரிந்தவன். சாப்பிடாமல் வந்த மயக்கம் என்று கான்ட்ராக்டரின் ஆள் வசந்தகுமார் காலையிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். சோறு கட்டிக் கொடுத்து அனுப்பியவள் உள்ளே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியும் வசந்தகுமாரின் ஏற்பாடுதான்.

"பொட்டி குட்டையா கீது," என்றாள்.

"எல்லாருக்கும் இதான்க்கா சைஸு. முட்டிய கொஞ்சம் மடக்கினா அமைஞ்சிடும்." வசந்தகுமார் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

டெனிசனின் அண்ணன் யாகப்பன் அவளைத் தனியே கூப்பிட்டார். அவருக்கும் அதே கான்ட்ராக்டரிடம்தான் வேலை. இந்த நேரத்தில் வம்பு வேண்டாம், மண்ணுக்குள் போகிற பெட்டிதானே என்றார். அவள் உள்ளே போய்ப் பரணிலிருந்து டெனிசன் செய்த வில்லை இழுத்தாள்.

ரோட்டை அகலப்படுத்த வெட்டிப்போட்ட பூவரசில் ஒரு துண்டைத் தூக்கி வந்து, பிளந்து, காயவைத்து, லீவு நாளெல்லாம் டெனிசன் அதோடுதான் கிடந்தான். போனில் பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை. வில்லின் முதுகில் உளி படக் கூடாதாம். உட்புறமான வயிற்றைத்தான் கண்ணாடிச் சில்லால் சுரண்ட வேண்டுமாம். சுரண்டுவான். சுவர் ஆணியில் மாட்டிக் கயிற்றால் இழுப்பான். இரண்டு பக்கமும் ஒன்றுபோல வளைகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி சுரண்டுவான். ரசத்தில் மரத்தூள் மிதக்கும். ஒருநாள் இதை அடுப்பில் வைக்கிறேன் பார் என்று அவள் கத்தியிருக்கிறாள்.

வில் ஆள் உயரம் இருக்க வேண்டுமென்று அந்தப் பூவரசந்துண்டோடு முதுகை ஒட்டி நின்றான். அவளுக்கு எட்டவில்லை. வாளியைக் கவிழ்த்து ஏறி, அவன் முடியை அமுக்கிப் பென்சிலால் கோடு போட்டாள். நிமிர்ந்து நிற்க அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. லைனில் குனிந்தே பழகிய முதுகு.

இப்போது அந்த வில்லைப் பெட்டிக்குள் வைத்தாள். ஒரு முனை விளிம்பில் ஏறி, ஒரு சாணுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"இன்னாக்கா இது, வில்லு அம்புன்னுகினு..." வசந்தகுமார் சிரிக்கப் பார்த்தான்.

"இது அவரு உசரம். லைனு தாழ்வா கீதுன்னு உன்னாண்ட எத்தினி வாட்டி சொன்னாரு? குனிஞ்சிகினேதான செஞ்சாரு. செத்தும் உனுக்கு மடங்கணுமா? எட்த்துகினு போ. உங்க ஆபீசுல எவனுக்குப் பத்துதோ அவன படுக்க வையி."

"அருளு," என்றார் யாகப்பன். வில் நீட்டிக்கொண்டிருந்த முனையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து அவரே வண்டியில் தள்ளினார்.

வேறு பெட்டி செய்யச் சொல்லப் படப்பைக்கு ஏறிய ஷேர் ஆட்டோவில், வில் பாதி வெளியே நீட்டியிருக்க, அவள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனாள்.

பெட்டி செய்கிறவர் வில்லை வாங்கிப் பலகைமேல் கிடத்தினார். நாலு விரற்கடை கூட விட்டுக்கொள்கிறேன் என்றார். ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, காதில் செருகியிருந்த பென்சிலை அவளிடம் நீட்டினார்.

"அந்தாண்ட நீ ஒரு கோடு போடும்மா."

பலகை தரையில் கிடந்தது. அவள் குந்தி உட்கார்ந்து கோடு போட்டாள். வாளி தேவைப்படவில்லை.