அலெக்சந்தரும் ஒநேசிமுவும்

எங்கள் மாமனார் நாசரேத் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ராயபுரத்தில் கருப்பட்டி மண்டி வைத்து, பலகையில் தன் பெயரையே எழுதினார்: அலெக்சந்தர் மண்டி. சாவதற்கு முன் போதகர் முன்னிலையில் இன்னொன்றும் எழுதிவைத்தார். தன் பெயரைத் தாங்கும் மூத்த பேரனுக்குத்தான் அந்த மண்டி. அப்போது பேரன் என்று யாரும் பிறக்கவில்லை. மூத்த மருமகள் நான் ஐந்து மாதம்.

மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது. எழுதலாம், நினைக்கலாம், சொல்லத்தான் கூடாது. என் மாமியார் தேவகிருபை இதில் மகா கண்டிப்பு. குடும்ப ஜெபத்தில் வேதம் வாசிக்கும்போதுகூட அந்தப் பெயர் வந்தால் 'மாமா' என்று சொல்லித் தாண்டிவிடுவேன். பவுலுக்குக் கெடுதல் செய்த கன்னான் ஒருவனுக்கும் அதே பெயர். அந்தப் படுபாவியையும் 'மாமா' என்றுதான் வாசித்தேன். மாமியாருக்கு அதில் பரம திருப்தி.

கொழுந்தன் ஆசீர்வாதம் இண்டர்மீடியட் படித்தவன். அந்தப் பெயரைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான். கிரேக்க பாஷையில் மனிதரைக் காப்பவன் என்று அர்த்தமாம். ஒரு ராஜா பஞ்சாப் ஆறுவரை வந்து திரும்பிப் போனானாம். ருஷ்யாவில் மூன்று சக்கரவர்த்திகளாம், ரோமாபுரியில் போப்புமார்கூட உண்டாம். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன். வயிற்றில் இருந்தது ஆண்பிள்ளை என்று எனக்கு அப்போதே நிச்சயம்.

நாற்பத்திரண்டு சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானது. என் வீட்டுக்காரர் பட்டாளத்துச் சப்ளை வேலைக்கு அஸ்ஸாம் போயிருந்தார். பிள்ளை பிறந்து பதினாறு நாள். எனக்கோ எழுந்திருக்க முடியாத காய்ச்சல். மறுநாள் ஊருக்கு ரயில், அதற்குள் ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும். ஆசீர்வாதம்தான் ஞானத்தகப்பன். கோயிலுக்குக் கொண்டுபோகப் பிள்ளையை மாமியார் மடியிலிருந்து வாங்கிக்கொண்டான். பெயரை நீங்களே சொல்லிவிடுங்கள் தம்பி என்றேன்.

"அப்பா பேருதானே மதினி. எனக்குத் தெரியாதா?"

மாமியார் பக்கத்திலேயே இருந்து கேட்டார். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம். தம்பி என்று நினைத்தவனிடம் யார் சீட்டு நீட்டுவார்கள்?

என் வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை, மலேரியா கொண்டுபோய்விட்டது. பிள்ளையை நான் ராசா என்று கூப்பிட்டேன். குண்டு பயம் தீர்ந்து பட்டணம் திரும்பியபின் வீடும் தெருவும் ராசா என்றே கூப்பிட்டன. மீன் கொண்டுவரும் பச்சையம்மாவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. "பெத்த புள்ள பேரைச் சொல்றதுக்கு வாயில இன்னா கொழுக்கட்டையா கீது?" என்பாள். நான் சிரித்துவிடுவேன்.

மூன்று வருஷம் கழித்து ஆசீர்வாதத்துக்கு மகன் பிறந்தபோது அவனும் அலெக்சந்தர் என்றே வைத்தான். எங்கள் ஜனங்களில் இரண்டு பேரன்கள் தாத்தா பெயரை வைத்துக்கொள்வது வழக்கம்தான். நான்தான் ஊருக்கெல்லாம் கல்கண்டு கொடுத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

நாற்பத்தெட்டில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஞானஸ்நானச் சீட்டு கேட்டார்கள். கோயில் பதிவேட்டில் என் பிள்ளையின் பெயர் ஒநேசிமு. மூன்று தடவை வாசித்தேன். நேரே மண்டிக்குப் போய் ஆசீர்வாதத்திடம் கேட்டேன். கல்லாவிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை.

"அதுவும் கிரேக்கப் பேருதான் மதினி. பயனுள்ளவன்னு அர்த்தம். நீங்க சொன்னதைத்தானே வச்சேன்?"

ஒநேசிமு யார் என்று எனக்குத் தெரியாதா? எஜமானை விட்டு ஓடிப்போன அடிமை. ராஜாவின் பெயரைத் தன் மகனுக்கு வைத்துக்கொண்டு, என் மகனுக்கு அடிமையின் பெயரை வைத்துவிட்டு, எனக்கே அர்த்தமும் சொன்னான்.

ஞாயிறு ஆராதனை முடிந்து போதகரும் மூப்பர்களும் விசாரித்தார்கள். நான் பயப்படவில்லை, மாமியார் சாட்சி இருக்கிறாரே. போதகர் அவரிடம் கேட்டார். மாமியார் ஒரு தடவை ஆசீர்வாதத்தைப் பார்த்தார். அவருக்குச் சோறு போடுகிறவன் இப்போது அவன்தான்.

"அன்னைக்கு என்ன பேசினாங்கன்னு ஞாபகமில்ல. ஆனா இவ ஒரு நாளும் எங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிட்டதில்ல."

முதலில் சொன்னது பொய். இரண்டாவது சத்தியம், அதுதான் என்னைக் கொன்றது. அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டு வாயை மூடியிருந்ததை, அவரே என் தலையில் தூக்கிப் போட்டார். மூப்பர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்தத் தாய்தான் பெற்ற பிள்ளையை ஆறு வருஷம் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் இருப்பாள் என்று ஒருவர் கேட்டார்.

போதகர் என்னிடம் திரும்பி, நீ வைக்க நினைத்த பெயரை உன் வாயாலேயே சொல்லம்மா என்றார். ராசா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் சொன்னேன். குரல் எனக்கே பழகாத குரலாக இருந்தது.

மாமியார் காதைப் பொத்திக்கொண்டார். "மண்டின்னதும் வாய் வருது பாருங்க."

அதற்குப் பிறகு நான் பேசியது எதுவும் எடுபடவில்லை. பதிவேட்டில் இருப்பதுதான் பெயர் என்று தீர்த்துவிட்டார்கள்.

ராசாவை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தெருமுனையில் அவன் நின்றான். ஆசீர்வாதத்தின் மகனைத்தான் அவன் தம்பி என்பான்.

"யம்மா, தம்பி பேரை எதுக்கு அங்க சொன்ன?"