தியேட்டரில் எனக்கும் ஒரு ஓட்டு

என் அண்ணன் தியேட்டரை ஊருக்குத் தாரை வார்த்தபோது, என்னையும் கூடவே சேர்த்துக் கொடுத்துவிட்டார். நாற்காலிகள், புரொஜக்டர், பால்கனியில் வாடகை தராமல் குடியிருக்கும் புறாக்கள், அப்புறம் தங்கச்சி.

அப்பா கட்டிய தியேட்டர். அவருக்குப் பிறகு அண்ணன் முதலாளி, நான் மேனேஜர். மேனேஜர் என்றால் டிக்கெட் கிழிப்பதில் தொடங்கி, கழிவறைக் குழாயோடு மல்லுக்கட்டுவது வரை. கணவர் இறந்தபின் வந்து உட்கார்ந்தவள், எழுந்திருக்கவே இல்லை. திரைக்குப் பின்னால் இருக்கும் அறையில்தான் படுக்கை. ஜன்னல் கிடையாது. வெளிச்சம் கசிந்தால் படம் வெளுத்துப்போகும் என்று அப்பா வைக்கவில்லை. வெளியே மழையா வெயிலா என்பதைப் படம் பார்க்க வருகிறவர்களின் சட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

கூட்டம் குறைந்து தியேட்டரை மூடியபோது எல்லோரும் என்னிடம் துக்கம் விசாரித்தார்கள். எனக்கோ உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். வேறு ஊரில் தையல் கடை வைத்திருக்கும் என் தங்கை, எனக்கென்று இன்னொரு மெஷின் வாங்கி வாசல் பக்கமாகப் போட்டிருந்தாள். "தெருவப் பாத்துக்கிட்டே தைக்கலாம்க்கா, சீக்கிரம் வா" என்றாள்.

மூட்டை கட்டுவதற்குள் ஊர் சினிமாச் சங்கம் வந்து நின்றது. பல் டாக்டர் தலைவர், ஓய்வு பெற்ற டிராயிங் டீச்சர் செயலாளர், பின்னால் சினிமாப் பைத்தியங்கள் ஒரு பட்டாளம். லாபமே வேண்டாமாம். எங்களுக்கும்தான் பல வருஷமாக அது வரவில்லை, நாங்கள் சங்கமா வைத்தோம்? நல்ல படங்களாகப் போடுவார்களாம், பிள்ளைகளுக்குப் படமெடுக்கக் கற்றுக்கொடுப்பார்களாம். அண்ணன் நெகிழ்ந்துபோய்க் கட்டடத்தைச் சும்மாவே கொடுத்தார். "தங்கச்சி இருக்கா, எல்லாத்தையும் பாத்துக்குவா" என்றார். படம் போடும் லைசென்ஸையும் என் பெயருக்கு மாற்றினார்கள்.

அவர்கள் நல்லவர்கள், அதுதான் தொல்லை. கெட்டவர்கள் என்றால் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். இவர்கள் பெயின்ட் வாளியும் கையுமாக நின்று, "அக்கா, நீங்க இல்லாம இந்த இடமே இல்ல" என்பார்கள்.

சங்கத்தில் முதலாளி கிடையாது, எதற்கும் ஓட்டுதான். பொறுப்பில் இருப்பவர் விலகுவதென்றால் கூட்டம் சம்மதிக்க வேண்டும் என்று டீச்சர் ஒரு விதியைப் படித்தபோது நானும் கை தூக்கினேன். இந்தத் தியேட்டர் விஷயத்தில் என்னை ஒருவர் கேட்டதே அன்றுதான். அந்தப் பூரிப்பில் விதி என் காதில் ஏறவில்லை. புத்தி கெட்டவள்.

போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

"எனக்கு இங்க மூச்சு முட்டுது. தங்கச்சிகிட்டப் போறேன். என்னை விட்டுடுங்க."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பல் டாக்டர், ஊசி போடுவதற்கு முன் பேசுகிற குரலில் பேசினார்.

"அக்கா களைச்சுப் போயிருக்காங்க, கொஞ்ச நாள் லீவு குடுப்போம். ஆனா லைசென்ஸ் அவங்க பேர்ல இருக்கு. அவங்க போயிட்டா திறப்பு விழாவே நின்னுடும். அக்கா இருக்கணும்னு நெனைக்கிறவங்க கை தூக்குங்க."

வரிசை வரிசையாகக் கைகள் எழுந்தன. எல்லாம் என் மேல் உள்ள பாசம். எனக்கு ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது.

"போகட்டும்னு நெனைக்கிறவங்க?" ஒரு சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

நான் கை தூக்கினேன். கடைசி வரிசையில் அண்ணனும் தூக்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான்தான் அவளக் கட்டிப் போட்டுட்டேன். போகட்டும், விடுங்க" என்றார்.

முதலாளியாக இருந்த காலத்தில் இதை ஒரு தடவை சொல்லியிருந்தால் அன்றே பஸ் ஏறியிருப்பேன். இப்போது அவருக்கும் என்னைப் போல ஒரு ஓட்டுதான். டீச்சர் இரண்டு என்று எழுதிக்கொண்டு, திரைச்சீலைக்கு என்ன நிறம் என்ற அடுத்த விஷயத்துக்குப் போனார்.