என் வாய்க்கு என் கையெழுத்து

ஆவுடைத்தாய்க்குக் கீழ்த்தாடை முன்னால் நீண்டிருந்தது. பெரிய மனுஷியான பிறகு வளர ஆரம்பித்தது, கல்யாணம் ஆகும்போது மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் ஒன்றையொன்று தொடாத நிலைக்கு வந்துவிட்டது. எதையும் கடித்துத் தின்ன முடியாது. கம்பஞ்சோற்றைக் கரைத்துக் குடிப்பாள். காய்கறியைப் பிசைந்து முழுங்குவாள். பசுவந்தனையில் அவளுக்கு 'கொக்கி' என்று பட்டப்பெயர். புருஷன் உக்கிரபாண்டி மட்டும் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பேர்தான் உக்கிரம், ஆள் சாது. சாப்பிடும்போது அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருவாள். அவனும் பார்க்காதது மாதிரி எழுந்து போய்விடுவான்.

எண்பத்து மூன்றாம் வருஷம் காதோரத்தில் வலி கண்டது. வாயைத் திறந்தால் சடக்கென்று சத்தம். கோவில்பட்டிப் பல் டாக்டர் அவள் வாய்க்குள் வெகுநேரம் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பல்லைப் பிடுங்கிப் பிரயோஜனம் இல்லம்மா. தாடை எலும்பை அறுத்துப் பின்னால தள்ளி வைக்கணும். மதுரையில செய்யுதாங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே உக்கிரபாண்டி ஆரம்பித்தான். "எலும்பை அறுக்கணுமாம்லா. நமக்கு வேண்டாம்ட்டி. என் கண்ணுக்கு நீ நல்லாத்தான் இருக்கே."

"உங்க கண்ணுக்கு இருக்கட்டும். மெல்லுதது நான்லா?"

மாமியார் வெயிலுகந்தம்மாள் வேறு மாதிரி கேட்டாள். "ரெண்டு பிள்ளை பெத்தாச்சு. இனிமே உனக்கு என்னட்டி சிங்காரம்?"

"சிங்காரத்துக்கு இல்ல அத்தை. கடிச்சுத் திங்கதுக்கு."

"இத்தனை வருசம் எங்க வீட்டுல பட்டினியா கிடந்தே?"

"ஆமா, கிடந்தேன்" என்றாள் ஆவுடைத்தாய்.

மாமியார் வெகுநாள் அவளோடு பேசவில்லை. ஆவுடைத்தாய் பேச வைக்கவும் முயலவில்லை. வாரத்தில் ஒருநாள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு மதுரைக்கு பஸ் ஏறினாள். முதல் தடவை உக்கிரபாண்டி வரவில்லை. தனியாகவே போய் வந்தாள். அடுத்த தடவை அவனாகவே சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

மதுரை ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா அவள் பல்லை மாவில் அச்செடுத்தாள். அடுத்த முறை போனபோது ஆவுடைத்தாயின் வாய் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டியாக மேஜைமேல் இருந்தது. டாக்டரம்மா கீழ்த்தாடை அச்சை எடுத்துக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி வைத்தாள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் கச்சிதமாகப் பொருந்தின. ஆவுடைத்தாய் அதை வாங்கி, தானே நகர்த்திப் பார்த்தாள். திரும்பத் திரும்ப நகர்த்தினாள்.

"இவ்வளவு தூரந்தானா?" என்று கேட்டாள். "இவ்வளவு தூரத்துக்கா நான் சுவரைப் பாத்து உக்காந்தேன்?"

உடனே செய்துவிட முடியவில்லை. அவள் உடம்பில் ரத்தம் பத்தாது என்றார்கள். மாத்திரையும் முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலுமாக மாதக்கணக்கில் ரத்தம் ஏற்றினாள். ஈரலை அம்மியில் வைத்து அரைத்துத்தான் சாப்பிட வேண்டியிருந்தது. இடையில் தாடைக் கோடியில் புதைந்திருந்த கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி, புண் ஆறவிட்டார்கள். பருத்தி எடுத்து முடிந்த பிறகு, மாசியில் கட்டில் கொடுத்தார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நர்ஸ் ஒரு காகிதத்தையும் பேனாவையும் கொண்டுவந்து உக்கிரபாண்டியிடம் நீட்டினாள். அதில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அவளிடம் திரும்பினான்.

"உயிருக்கு ஆபத்து வரலாம்னு போட்டிருக்குட்டி. ஊருக்குப் போயிருவோமா?"

ஆவுடைத்தாய் அவன் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"வீட்டுக்காரர்தாம்மா கையெழுத்துப் போடணும்" என்றாள் நர்ஸ்.

"ஏன், அவிய வாயையா அறுக்கப் போறீங்க?"

பக்கத்துக் கட்டிலருகே நின்றிருந்த டாக்டரம்மா சிரித்துவிட்டாள். "அவங்களே போடட்டும். கீழ சாட்சிக்கு அவர் போடட்டும்."

எட்டாம் வகுப்புவரை படித்த எழுத்தில், அவசரப்படாமல், முழுப் பெயரையும் எழுதினாள்.

கண் விழித்தபோது வாயைத் திறக்க முடியவில்லை. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நாக்கு உள்ளே பூட்டிக் கிடந்தது. மூக்கில் பாதிதான் மூச்சு வந்தது. செத்துவிடுவோம் என்றே நினைத்தாள். பிறகு கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு என்று நிதானமாக இழுத்தாள். முகம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. உக்கிரபாண்டி பார்த்துவிட்டுத் தேம்பினான். பேச முடியாதபோது எழுதிக்காட்டக் கட்டிலோரம் வைத்திருந்த சிலேட்டுக்கு அவள் கை நீட்டினாள்.

'அழாதீங்க. பசிக்குது' என்று எழுதினாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒரு சின்னக் கம்பி வெட்டியை உக்கிரபாண்டி கையில் கொடுத்தாள். "இது எப்பவும் கூடவே இருக்கணும். மூச்சு முட்டினா மட்டும் வெட்டுங்க. வாந்தி வந்தா குனிஞ்சு வெளிய விட்டாப் போதும். பதறி வெட்டிட்டீங்கன்னா எலும்பு நகர்ந்துரும், பட்ட பாடெல்லாம் வீண்." அவன் அதை மடியில் செருகிக்கொண்டான்.

பஸ் சாத்தூர் தாண்டியதும் டீசல் நாற்றத்தில் அவளுக்கு வயிற்றைப் புரட்டியது. குடித்த பாலெல்லாம் மேலே ஏறியது. அவள் கண் பிதுங்குவதைப் பார்த்த உக்கிரபாண்டி, "வண்டியை நிறுத்துங்க!" என்று அலறிக்கொண்டே வெட்டியை உருவினான். பின்சீட்டுக்காரர் எழுந்து, "வெட்டுய்யா! பாத்துக்கிட்டே இருந்தா பொம்பளை செத்துருவா!" என்று கத்தினார்.

வெட்டி உதட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆவுடைத்தாய் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினாள். முழங்கால்வரை குனிந்து துண்டை வாயடியில் பிடித்தாள். கம்பியின் சந்து வழியாகவும் மூக்கு வழியாகவும் பால் கொட்டியது. மூக்கு எரிந்தது. மூச்சு நின்று, பிறகு ஒரு இழுப்பு வந்தது. இன்னும் ஒன்று வந்தது. அவன் மணிக்கட்டை அதுவரை அவள் விடவில்லை. நிமிர்ந்து பின்சீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு வெட்டி அவள் இடுப்பில்தான் இருந்தது.

கம்பி அவிழ்க்கும்வரை கஞ்சித் தண்ணியும் ஆட்டுக்கால் ரசமுந்தான். வெயிலுகந்தம்மாள் முணுமுணுத்துக்கொண்டேதான் வடிகட்டினாள், ஆனால் ஒரு திப்பி இல்லாமல் வடிகட்டினாள். வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம், "வாய் கட்டுன மாட்டை இதுக்கு முந்திப் பாத்ததில்லையோ? போங்கட்டி வேலையப் பாத்துக்கிட்டு" என்றாள். அது யாருக்கான வசவு என்று மருமகளுக்கு விளங்கவில்லை. இருந்தும் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் முடியவில்லை.

கம்பியை அவிழ்த்தபோது வாய் ஒரு விரல் அகலந்தான் திறந்தது. தினமும் பல்லிடையில் மரக்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, கண்ணில் தண்ணீர் வரும்வரை அகட்டினாள். கீழுதட்டில் இடப்பக்கம் மரத்துப்போயிருந்தது. திரும்ப உணர்ச்சி வருமா என்று டாக்டரம்மாவால் சொல்ல முடியவில்லை. வைகாசியில் ஒருநாள் வெள்ளரிப்பிஞ்சைக் கடித்தாள். நறுக்கென்ற சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது. காட்டில் பறித்தது முழுவதையும் வரப்பில் உட்கார்ந்து தின்று தீர்த்தாள்.

ஆவணியில் கழுகுமலையில் ஒரு கல்யாணம். உக்கிரபாண்டியின் சித்தி சீனித்தாய் அவள் மோவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இப்பத்தாம்ட்டி பாக்க லெச்சணமா இருக்கே. எங்க உக்கிரபாண்டி குடுத்து வச்சவன்."

ஆவுடைத்தாய் அந்தக் கையை எடுத்துவிட்டாள். "என்னைக் கட்டுன அன்னைக்கே அவிய குடுத்து வச்சவியதான் சித்தி. எலும்பைத்தான் நகட்டுனாங்க. ஆளு அதே ஆளுதான்."

அதைக் கேட்டுக்கொண்டு ஒரு பெண் தூணோரம் நின்றிருந்தாள். கல்யாணத்துக்கு வந்திருந்த உள்ளூர்த் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி சௌந்தரபாண்டியனின் மகள் பத்திரகாளி. இருபது வயதிருக்கும். சேலைத் தலைப்பால் வாயை மூடியிருந்தாள். அதையும் மீறித் தெரிந்தது, ஆவுடைத்தாய்க்கு இருந்த அதே மாதிரி தாடை. ஆவுடைத்தாய் கை கழுவப் போனபோது பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, ரொம்ப வலிச்சுதா?"

"வலிச்சுது. செத்துருவோம்னு பயந்தேன். உதட்டுல இந்தப் பக்கம் இன்னும் மரத்துத்தான் கிடக்கு, சோத்துப் பருக்கை ஒட்டியிருந்தாக்கூடத் தெரியாது. எல்லாத்தையும் கேட்டுக்கோ. பெறகு முடிவு பண்ணு."

"எங்க அப்பா வேண்டாம்னு சொல்லுதாவ."

"நீ என்ன சொல்லுதே?"

பத்திரகாளி வாயிலிருந்து சேலைத் தலைப்பை எடுத்தாள். "எனக்கு வேணும்" என்றாள்.

தேடிக்கொண்டு வந்த சௌந்தரபாண்டியன் காதில் அது விழுந்துவிட்டது. "என்னம்மா, எம் பிள்ளை மனசைக் கலைக்கீங்களா? கல்யாணத்துக்கு நிக்கிற பிள்ளைக்கு மூஞ்சியில கத்தி வைக்கவா? யாரு கூட்டிட்டு அலையது?"

"நான் கூட்டிட்டுப் போறேன் அண்ணாச்சி. திங்கக்கிழமை காலையில கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல நிப்பேன். உங்களுக்கு மனசிருந்தா நீங்களும் வாங்க."

"நீங்க யாரு எம் பிள்ளைக்கு?"

"யாருமில்ல. ஆனா வருவேன்."

திங்கட்கிழமை அவரைக் காணவில்லை. பத்திரகாளி தன் அம்மாவோடு கழுகுமலை பஸ்ஸிலிருந்து இறங்கினாள். மதுரை வண்டியில் மூன்று பேருக்கும் ஒரே சீட்டில் இடம் கிடைத்தது.