ஆட்டு இதயத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி

சுனாமிக்கு அடுத்த கோடையில், மரக்காணத்தில் தன் உப்பள வரப்பில் நின்றிருந்த சக்கரபாணிக்கு நெஞ்சு தறிகெட்டு ஓடத் தொடங்கியது. கடல் கொண்டுவந்து கொட்டிய சேற்றை அள்ளிப் பாத்திகளைத் திருத்தி, அந்த வாரம்தான் உப்பு இறங்கியிருந்தது. ஆட்கள் பார்க்கிறார்களே என்று அவர் உட்காரவில்லை. கண் இருட்டியும் விறைப்பாக நின்றார், நின்றபடியே விழுந்தார்.

புதுச்சேரி டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இதயத்தில் மின்சாரம் ஓடும் பாதையில் தேவையில்லாத குறுக்குவழி ஒன்று இருக்கிறது. தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை விட்டு அந்த இடத்தைச் சுட்டுவிட்டால் தீர்ந்தது.

"தொடையிலயா?"

"ஆமாங்க. நர்ஸ் வந்து ஷேவ் பண்ணி ரெடி பண்ணுவாங்க."

சக்கரபாணி எழுந்து வெளியே வந்துவிட்டார். மூன்று தலைமுறையாக உப்பளத்தில் நடந்தும் வேட்டியில் சேறு படாத குடும்பம் அவருடையது.

டீக்கடையில் மனைவியின் தம்பி பஞ்சநாதன் பிடித்துக்கொண்டான். "அப்போ என்னதான் பண்ணப்போறீங்க மாமா?"

"என் பையன் மெட்ராஸ்ல எதுக்குடா இருக்கான்? அல்ட்ராசவுண்ட வச்சு வெளிய இருந்தே சுட்டுடுவான். கத்தி இல்ல, கம்பி இல்ல. பாத்துக்கிட்டே இரு."

கடை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாளே சென்னைக்கு பஸ் ஏறினார்.

மகன் கலையரசனின் ஆய்வுக்கூடத்தில், கண்ணாடித் தொட்டித் தண்ணீருக்குள் ஓர் ஆட்டு இதயம் கட்டித் தொங்கியது.

"இதுக்கா தினமும் கறிக்கடையில போய் நிக்கிற?"

"காலையில போனாதான்ப்பா புதுசா கெடைக்குது. கடைக்காரரு நான் ஓட்டல் வச்சிருக்கேன்னு நெனச்சுட்டிருக்காரு."

அவன் கருவியை இயக்கினான். காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு இதயத்தை வெளியே எடுத்து அறுத்துக் காட்டினான். மேற்புறம் அப்படியே இருந்தது. உள்ளே, நடுச்சதையில், துவரம்பருப்பு அளவுக்கு வெந்து வெளுத்த ஒரு புள்ளி. பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பதுபோல ஒலியைக் குவித்ததில் வெந்தது என்றான்.

சக்கரபாணி அந்தப் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தார். என் பிள்ளை தொடாமலே சுடுகிறான்.

"எனக்கும் பண்ணிவிடு."

"முடியாதுப்பா."

"என்னடா முடியாது? ஊர்ல அத்தன பேரு முன்னாடி சொல்லிட்டு வந்திருக்கேன்."

"இது செத்த இதயம்பா, சும்மா தொங்குது. உங்களது துடிக்குது. மூச்சு விட்டா நெஞ்சே ஏறி இறங்குது. நான் குறிவெச்ச இடம் நகந்து, பக்கத்துல நல்ல இடம் வெந்துட்டா? இத இன்னும் மனுஷங்களுக்குச் செய்யற நெலமைக்கே நாங்க வரல."

"அப்பா கேக்கறேன்டா."

"யாரு கேட்டாலும் இல்ல. அந்த டாக்டர் சொன்னதையே பண்ணிக்கோங்க."

சக்கரபாணிக்குச் சுருக்கென்றது. ஆனால் சொன்னது விளங்கியது. காற்றடித்துப் பாத்தித் தண்ணீர் ஆடும்போது உப்பு வாரும் பலகையை இறக்க அவரும் விடமாட்டார். உப்பு எது, அடிச்சேறு எது என்று தெரியாமல் பலகை இழுத்தால், பளிச்சென்ற உப்பெல்லாம் கறுத்துப்போகும். எவ்வளவு பெரிய வியாபாரி லாரியோடு வந்து நின்றாலும், அன்றைக்கு வாருவதில்லை என்றால் இல்லைதான்.

ஊர் திரும்பினார். அந்த வாரமே புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்.

நர்ஸ் ரேகா சவரக் கத்தியோடு வந்தபோது அவர் வேட்டியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, கைய எடுங்க."

"வேற ஆளு இல்லியாம்மா?"

"இருக்காங்க. அவங்களும் பொம்பளதான். எனக்கு தெனமும் பத்து வேட்டிங்க ஐயா, முகத்தக்கூடப் பாக்க நேரமில்ல."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் போர்வையை விரித்து மறைத்து, கோயில் வேலை போல அத்தனை மரியாதையாகச் செய்து முடித்தாள். சிகிச்சை முடிந்து, மாலையில் படுத்தபடி நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். ஒரே சீராக அடித்தது. டாக்டரை, அந்தப் பெண்ணை, தொட்டியில் தொங்கிய ஆட்டு இதயத்தைக்கூட நினைத்துக் கும்பிட்டார். மகனை நினைத்தபோது கண் நிறைந்தது.

மறுநாள் பஞ்சநாதன் ஆப்பிளோடு வந்து சேர்ந்தான். "என்ன மாமா, மாப்ள மிஷின்ல வச்சுட்டானா?"

"இல்ல. தொடையில கம்பி விட்டுத்தான் பண்ணாங்க. அவன்கிட்ட போய்க் கேட்டேன், முடியாதுன்னுட்டான்."

"பெத்த அப்பனுக்கேவா!"

"ஆமாடா. ஆகாததுன்னு தெரிஞ்சா பெத்த அப்பனுக்கும் செய்யமாட்டான், என் பையன்." சக்கரபாணி தலையணையில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "டீக்கடையில இப்படியே சொல்லு. ஷேவ் பண்ணது உட்பட."