நாற்பதுக்கு முப்பத்தெட்டு

பன்னிரண்டாம் வகுப்பில் உளவியல் எடுத்தால் படிக்க அதிகம் இருக்காது என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ, அவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும். மூன்று வாரமாக எனக்குச் சரியான தூக்கமில்லை. செய்முறைத் தேர்வுக்காகப் பன்னிரண்டு பேரிடம் சோர்வைப் பற்றிய கேள்வித்தாளை நிரப்பி வாங்க வேண்டும். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் சைபர் முதல் நான்கு வரை. கூட்டுத்தொகை ஏற ஏற ஆள் அவ்வளவு நொந்துபோயிருக்கிறார் என்று அர்த்தம். பெயர் எழுதக் கூடாது.

வகுப்பில் பத்துப் பேரைக் கெஞ்சிக் கூத்தாடி எழுத வைத்தேன். அதற்கு மேல் ஒரு ஈ காக்கை சிக்கவில்லை. மிச்சம் இரண்டை அப்பாவிடமும் அம்மாவிடமும் கொடுத்துத் தனி உறையில் வாங்கிக்கொண்டேன். சனிக்கிழமை காலையில் பிரித்துக் கூட்டினேன். ஒன்று சைபர். இன்னொன்று முப்பத்தெட்டு. பத்தாவது கேள்வி, 'உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா?' அதற்கு நேரே நான்கு.

இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தேன், அதே முப்பத்தெட்டு. அப்பாதான், சந்தேகமே இல்லை. பேருந்து ஓட்டிவிட்டு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்துவிடுகிற மனுஷர். அம்மா வேறு ரகம். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் நாள் முழுக்க விரிப்பு மடித்துவிட்டு வந்தும் வாய் ஓயாது. எழவு வீட்டில்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்துவிடுவாள். யாருடைய தாள் என்று கேட்கக் கூடாது என்பது விதி. விதியாவது மண்ணாங்கட்டியாவது என்று கூடத்துக்குப் போனேன்.

"அப்பா, முப்பத்தெட்டு உங்களோடதா?"

அப்பாவின் முகம் மலர்ந்தது. "நாப்பதுக்கு முப்பத்தெட்டா! உனக்கு நல்ல மார்க் வரட்டும்னு எல்லாத்துக்கும் நாலு நாலாப் போட்டேன். கண்ணாடி இல்லாம எங்கயோ ரெண்டு போயிடுச்சு போல."

"ஐயோ, அது எனக்குப் போடற மார்க் இல்லப்பா!" தலையில் அடித்துக்கொண்டேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "நான் செத்துப் பொழச்சேன், தெரியுமா?"

"எனக்கென்னடி குறைச்சல்? முதுகு வலிக்குது, அவ்வளவுதான்."

நானும் அப்பாவும் சிரித்தோம். அம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு கூத்து கிடைத்தால் ஒரு வாரத்துக்கு அப்பாவை ஓட்டியெடுப்பவள், தலையே நிமிரவில்லை.

"நீ என்னம்மா, எல்லாத்துக்கும் சைபர்? உனக்கும் மார்க் கணக்கா?"

"நீ கூட்டிப் பாப்பியே. பயந்துடுவியேன்னு போட்டேன்."

"அப்ப உண்மையா போட்டிருந்தா?"

ஒரு துண்டை மடித்தாள், உதறினாள், மறுபடி மடித்தாள். "உங்கப்பா போட்டிருக்காரே, அதையே என்னோடதுன்னு வெச்சுக்கோடி."

"பத்தாவது கேள்வியுமா?"

"அதுதான் முதல்ல."

அப்பா நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார், ஆனால் எங்கே போவதென்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது, அதைவிட என்மேல். மனசைப் பற்றிப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்கிறேனாம். மடியிலிருந்த துணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"திங்கக்கிழமை லீவு போடு. டாக்டர்கிட்ட போறோம். நானும் வரேன். எப்பருந்தும்மா இப்படி?"

"நீ ஒன்பதாவது படிக்கறப்பருந்து" என்றாள் அம்மா.