காசியம்மாள் காட்டிய தரை

வாடைக்காற்று முதுகில் ஊசி குத்துகிற விடியலில் பெண்கள் மார்பளவு நீரில் இறங்கிவிட்டார்கள். முதலில் காலால் தரையைத் துழாவ வேண்டும். கிளிஞ்சல் தட்டுப்பட்டதும் மண்வெட்டியை ஊன்றி மிதித்துப் புரட்ட வேண்டும். பிறகு மூச்சை அடக்கி முங்கி, கூடையில் அள்ளி, மேலே வந்து அலச வேண்டும். கிளிஞ்சல் கூடையில் நிற்கும். சேறு ஏரியோடு போகும். ஒரு கூடை கிளிஞ்சலுக்கு நாலு கூடைச் சேறு. விரல் இடுக்குகள் அறுந்து, உப்புநீர் பட்டுத் தீயாய் எரியும்.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்த காலம் அது. மதிலுக்குச் சுண்ணாம்பு வேண்டும், சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் வேண்டும். கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்குகிற காளவாய் வைத்திருந்த சீனிவாசன், ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்களையே கூலிக்கு அழைத்தான். ஏரியின் அடித்தரை அவர்கள் பாதத்துக்குத்தானே தெரியும். முதல் மாதம் கூலி நெல்லைக் குவித்து அளந்தான். அடுத்த மாதம் படியைத் தலை தட்டி அளந்தான். இப்போது அளக்கும்போதே கட்டைவிரல் படிக்குள் இருந்தது.

கூலிப் பெண்களுக்கெல்லாம் முன்னால் நின்றவள் தெற்குக்குப்பத்துக் காசியம்மாள். நாற்பது வயது, கம்பு போல உடம்பு. அன்று அவள் வடக்குப் பக்கம் திரும்பவே இல்லை. அங்கே வடக்குக்குப்பத்துப் பெண்கள் நாலைந்து பேர், ஓலையால் முடைந்த பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டபடி, இடுப்பளவு நீரில் குனிந்து தடவிக்கொண்டிருந்தார்கள். இறாலைப் பிடித்துப் போட இரண்டு கையும் வேண்டும், அதனால் பறி வாயில். அவர்களுக்கென்று இருந்த பாசித்தரையைக் காளவாய்க்காக வெட்டிய பிறகு, விட்டுப்போன ஓரங்களில் அவர்கள் கஞ்சிக்குத் தேடினார்கள்.

ஏன் திரும்பவில்லை என்கிறீர்களா, கண்ணுகளா? அந்தத் தரையைச் சீனிவாசனுக்குக் காட்டியதே அவள்தான்.

ஆடி மாதம் அது. தென்காற்று அடித்துக்கொண்டிருந்தது. "கிளிஞ்சல் கெட்டியா எங்க கெடக்கு?" என்று அவன் கேட்டான். பாசி வளர்கிற இடத்தின் அடியில்தான் கெட்டியாகக் கிடக்கும். அந்தப் பாசியில்தான் இறால் குஞ்சு ஒண்டும். அவளுடைய குப்பத்துக்கும் அப்படி ஒரு தரை உண்டு. காசியம்மாளின் கை தானாக வடக்கே நீண்டது. அவர்கள் தரை போனாலும் நம் தரை நிற்கும், சேறும் வடக்கேதான் போகும் என்று நினைத்தாள். வாடை வந்தால் காற்று திரும்பும் என்று தெரியாதவளா? பிறந்ததிலிருந்து காற்றைப் பார்த்தவள். அன்றைக்கு மட்டும் நினைக்க விரும்பவில்லை.

வாடை வந்தது. சேறு தெற்கே இறங்கி அவளுடைய பாசியின் மேல் படிந்தது. தடவினால் கூழ்தான் கையில் வந்தது.

அன்று காலை வடக்கே ஒரு தலை சட்டென்று காணாமல் போனது. கூச்சல் எதுவும் கேட்கவில்லை. பல்லில் பறியைக் கடித்திருப்பவள் எப்படிக் கத்துவாள்? கலங்கிய நீருக்கடியில் கிளிஞ்சல் வெட்டிய குழி. காசியம்மாள் கூடையை எறிந்துவிட்டு நீந்தினாள். முங்கி, கூந்தலைப் பிடித்து இழுத்து வந்தாள். வடக்குக்குப்பத்துக் குப்பம்மா. அப்போதும் பறி வாயில் இருந்தது. முழங்காலிலிருந்து கணுக்கால்வரை கிளிஞ்சல் கிழித்திருந்தது.

தோணிக்காரன் எல்லப்பன் அவளைத் தூக்கித் தோணியிலிருந்த கிளிஞ்சல் மேலேயே கிடத்திக் கரைக்குத் தள்ளிவந்தான். குப்பம்மா தண்ணீரைக் கக்கிவிட்டுக் காசியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ நல்லாருப்பேடி. சாவறத்துக்கு இருந்தவள இழுத்தாந்தியே."

அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை.

சீனிவாசன் கரையில் குடைக்கடியில் நின்றிருந்தான்.

"இன்னா காசி, வேலைய உட்டுட்டு வேடிக்கையா?"

"ஐயா, நாம வெட்டுன குழில உளுந்துட்டா. கால் பூரா கிழிஞ்சிடுச்சி."

"நானா தள்ளினேன்? நடக்கத் தெரியாதவ ஏரில ஏன் எறங்கறா?"

"அது அவங்க தரைங்க. கண்ண மூடிக்கினு நடந்த தரை."

"தரைக்கு யாரு பட்டா எழுதிக் குடுத்தாங்க?" என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "அந்தத் தரை தீந்துபோச்சி. போன தபா காட்டுன மாதிரி நாளைக்கு விடியல்ல இன்னொண்ணு காட்டு. கூலிய ஏத்தித் தரேன். நீ காட்டலன்னா காட்டறதுக்கு ஆளா இல்ல?"

வெயில் ஏறியதும் காசியம்மாள் வடக்குக்குப்பத்துக்கு நடந்தாள். குப்பம்மா குடிசை வாசலில் காலில் மஞ்சள் பற்றுப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"வா வா, உக்காரு."

"உக்கார வரலக்கா. உன் தரைய அவனுக்குக் காட்டுனது நான்தான்."

குப்பம்மா பற்றிலிருந்து ஒரு ஈயை ஓட்டினாள். மறுபடி அது வந்து உட்கார்ந்தது, மறுபடி ஓட்டினாள்.

"எங்க தரைன்னா அது ஏரி இல்லியா?" என்று கடைசியில் கேட்டாள். "எம் புள்ளைங்க பட்டினி கெடந்தது உனக்குத் தெரியும். தெனம் எதிர்லதான நின்ன?"

"தெரியும்."

"அழாத. இங்க வந்து அழாத. எனக்குப் பத்திக்கினு வருது." பற்றை விரலால் அழுத்திவிட்டாள். பிறகு வேறு குரலில் சொன்னாள். "நேத்து அவன் ஆள் இங்க வந்தான். தெற்குக்குப்பத்துப் பாசி எங்கேருந்து எங்கமட்டும்னு கேட்டான். நாளைக்கு வந்து காட்டறேன்னு சொல்லிட்டேன்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"இவ கைய அங்க நீட்ட வெப்பான், அவ கைய இங்க நீட்ட வெப்பான்," என்றாள் காசியம்மாள். "அவனுக்கு ஏரியில ஒரு மண்ணும் தெரியாது. நம்ம காலு சொன்னாத்தான் உண்டு."

"அப்ப சொல்லாம இருக்கட்டும்," என்றாள் குப்பம்மா. "எவ காலும்."

காசியம்மாள் அன்று இரண்டு குப்பத்திலும் வீடுவீடாகப் போனாள். தான் செய்ததை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னாள். ஒரு வீட்டில் காறித் துப்பினார்கள். துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் விடியலில் தெற்குப் பாசித்தரையைச் சுற்றி இரண்டு குப்பத்துப் பெண்களும் தோளோடு தோளாக நின்றார்கள். வடக்கே குழிகளின் ஓரமெல்லாம் கழி நட்டு, யாரும் விழாதபடி அடையாளம் வைத்தாகிவிட்டது. கிளிஞ்சல் ஏற்றுகிற தோணியிலேயே எல்லப்பன் குப்பம்மாவைக் கொண்டுவந்தான். நடுவில் வந்ததும் தள்ளுகோலைத் தோணிக்குள் படுக்கப் போட்டுவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துகொண்டான்.

சீனிவாசன் வேறொரு தோணியில் வந்தான்.

"எந்தப் பக்கம் கிளிஞ்சல்? வாயத் தொறந்து சொல்லுங்க."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பறியை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டார்கள், அத்தனை பேரும்.

"இன்னா திமிருடி. எல்லப்பா, நீயுமா?"

"கோல் கனக்குதுங்க," என்றான் எல்லப்பன்.

"காட்டூர்லேருந்து ஆள் கொண்டாந்து எறக்குவேன். நாளைக்கே."

காசியம்மாள் பறியை வாயிலிருந்து எடுத்தாள். "கொண்டாங்கய்யா. அவங்களும் எங்கள மாதிரிதான். இந்தத் தரையில எறங்கணும்னா எங்க காலு மேல மிதிச்சித்தான் எறங்கணும். மொதக் காலு என்னுது."

தோணி திரும்பிப் போனது. தோற்றுப் போகவில்லை, ஆள் கூட்டத்தான் போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் கலையவில்லை.

காசியம்மாள் குப்பம்மாவின் தோணியை ஒட்டி வந்து நின்றாள்.

"எம் பக்கத்துல நிக்காத," என்றாள் குப்பம்மா, முகம் கொடுக்காமல். "அந்தக் கோடியில போய் நில்லு. அங்க ஆள் கொறையுது."

காசியம்மாள் போய் நின்றாள். இரண்டு பக்கத்துப் பெண்களும் நகர்ந்து இடம் விட்டார்கள். காலடியில் கூழாய்ச் சேறு. அதற்குக் கீழே இன்னும் தரையை விடாமல் வேரால் பிடித்திருக்கும் பாசி. கணுக்காலில் ஏதோ சுண்டியது, நகக்கண் அளவு இறால் குஞ்சு. அவள் குனியவில்லை. காலை அசைக்காமல் நின்றாள்.