கொடுத்ததை உண்மையென்று கொள்க

1

இந்தக் கதையை எழுதமாட்டேன் என்று ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் பொன்மலரிடம் வாக்குக் கொடுத்தேன். எழுதுகிறேன். திட்டுவதென்றால் இப்போதே திட்டிவிடுங்கள்.

2

'1983-இல், தோல் நாற்றம் வீசும் ஆம்பூரில்…' (அடித்துவிட்டேன். ஆம்பூர் என்றாலே நாற்றத்தில்தான் ஆரம்பிக்கவேண்டுமா, சனியன்.)

பொன்மலருக்குப் பேங்க் பரீட்சை எழுத வயது வரம்பில் அதுதான் கடைசி வருஷம். ஞாயிறுதோறும் வேலூரில் பயிற்சி வகுப்பு. பலகையில் ஒரு கேள்வி: எல்லா நாயும் நாற்காலி. எல்லா நாற்காலியும் மரம். ஆகவே எல்லா நாயும் மரம். முடிவு சரியா? பொன்மலர் சிரித்தாள்.

"சிரிக்காதம்மா," என்றார் வகுப்பெடுத்த சுந்தர்ராஜ் சார். "உனக்குத் தெரிஞ்சதெல்லாம் வாசல்ல செருப்போட விட்டுட்டு வா. மேல இன்னா போட்டிருக்கோ அது நிஜம். முடிவு அதுலருந்து வருதா, அத மட்டும் பாரு."

பழகிக்கொண்டாள். ஐம்பதுக்கு ஐம்பது வாங்கினாள்.

3

ஜூலையில் அவள் அப்பா ஆரோக்கியசாமி, வேலை செய்த தோல் கம்பெனியில் கழிவுத்தொட்டியைச் சுத்தம் பண்ண இறங்கி, மூச்சுமுட்டிச் செத்துப்போனார். நஷ்டஈட்டுக்கு, வேலையில் செத்தார் என்று ஒரு காகிதம் கேட்க, படித்த பிள்ளையாயிற்றே என்று மரியம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

மேனேஜர், ஆட்களின் வருகையைப் பதியும் மஸ்டர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். "மஸ்டர்ல பேர் இருந்தாத்தான் எங்க ஆளு. ஆரோக்கியசாமி பேரு இல்ல. அப்போ அவரு எங்க ஆளு இல்ல. நீ படிச்ச பொண்ணு, சொல்லு. இதுல இன்னா தப்பு?"

பொன்மலர் யோசித்தாள். மேலே இரண்டு வாக்கியம், கீழே முடிவு. வருகிறது.

"சரிதான் சார்."

சொன்ன பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

4

'பொன்மலர் நோட்டைப் பிடுங்கி, இந்த நோட்டே பொய் என்று கத்…'

(இப்படி முடித்துத் தருகிறேன் என்று அவளிடம் கெஞ்சினேன். "வேணாங்க. நான் கத்தல. அன்னிக்கு அது தோணவே இல்ல," என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவளுக்கு வரவில்லை.)

5

பரீட்சையில் தேறினாள், வேலையும் கிடைத்தது. நல்ல முடிவு வேண்டுபவர்கள் இங்கேயே எழுந்துபோகலாம்.

மற்றவர்களுக்கு: அன்று கம்பெனியிலிருந்து மரியம்மாள் மகளோடு நேரே வீட்டுக்கு நடந்தாள். வாசலில் நின்று கேட்டாள்.

"அப்போ பத்தொம்பது வருஷமா உங்கப்பா தினம் எங்க போய்ட்டு வந்தாரு?"

பொன்மலர் இன்றுவரை பதில் சொல்லவில்லை. மரியம்மாளும் போய்ச்சேர்ந்துவிட்டாள். நான் நாலு பதில் எழுதி நாலையும் கிழித்துவிட்டேன். கீழே இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதுங்கள்.

……………………………………